ஊரார் வீட்டு நெய்: பிரிட்டிஷ் பேரரசு எழுந்த கதையும் இறங்கிய கதையும்

"வியாபாரம் செய்ய வந்தவர்கள் நாட்டைப் பிடித்துக்கொண்டார்கள்" என்பது நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்த வரி. அதில் தப்பில்லை. ஆனால் வந்ததற்கும் பிடித்ததற்கும் நடுவில் ஒன்றரை நூற்றாண்டு கிடக்கிறது. அதற்குள் என்ன நடந்தது என்று கேட்டால், அவர்களிடம் துப்பாக்கி இருந்தது, நம்மிடம் ஒற்றுமை இல்லை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். துப்பாக்கி திப்பு சுல்தானிடமும் இருந்தது. ராக்கெட்டே இருந்தது.

இன்னொரு புதிர். 1900 வாக்கில் இந்தியாவின் மக்கள்தொகை 30 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. நிர்வாகத்தின் உச்சியில் இருந்த ஐ.சி.எஸ். அதிகாரிகள் ஏறக்குறைய ஆயிரம் பேர். ஆயிரம் பேர் எப்படி இத்தனை கோடிப் பேரை ஆண்டார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். எனக்கு அதைவிடச் சின்ன, கொஞ்சம் அற்பமான கேள்வி ஒன்று பிடிக்கும்: அந்த ஆயிரம் பேருக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

"ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று ஒரு பழமொழி உண்டு. அடுத்தவர் வீட்டு நெய்யை எடுத்துத் தாராளமாகப் பரிமாறுகிறவரைக் கிண்டல் செய்வது. பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு நான் இந்தப் பழமொழியிலிருந்துதான் தொடங்குவேன்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். ஒரு நாடு தன் எல்லைக்கு வெளியே இருக்கும் மக்களை, அவர்கள் சம்மதம் இல்லாமல், தன் ஆதாயத்துக்காக ஆள்வதோ ஆட்டிவைப்பதோ ஏகாதிபத்தியம். 'ஆட்டிவைப்பது' என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அர்ஜென்டினா பிரிட்டனின் காலனியாக இருந்ததில்லை. ஆனால் அங்கே ஓடிய ரயில்களில் பெரும்பகுதி 1948 வரை பிரிட்டிஷ் கம்பெனிகளுக்குத்தான் சொந்தம்.

கப்பலில் வெள்ளி வருவது நின்றது

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் ராணி பட்டயம் கொடுத்தது 1600-ம் ஆண்டின் கடைசி நாளில். கம்பெனிக்காரர்கள் முதலில் தேடிப்போனது மிளகு, கிராம்பு, ஜாதிக்காய். கிராம்பு விளையும் இந்தோனேசியத் தீவுகளில் டச்சுக்காரர்கள் அவர்களை அண்டவிடவில்லை. அப்புறம்தான் இந்தியத் துணியின் மேல் முழுக் கவனமும் திரும்பியது. 1639-ல் மதராசப்பட்டினத்துக் கடற்கரையில் ஒரு துண்டு நிலத்தை அவர்கள் கேட்டு வாங்கியதும் அங்கே துணி மலிவாகக் கிடைத்ததால்தான்.

துணி வாங்கலாம், பதிலுக்கு எதைக் கொடுப்பது? இங்கிலாந்தின் முக்கியச் சரக்கு கம்பளி. நம் வெயிலில் அதை யார் வாங்குவார்கள்? ஆகவே கப்பல் கப்பலாக வெள்ளி கொண்டுவந்தார்கள். ஸ்பெயின்காரர்கள் அமெரிக்கக் கண்டத்தில் தோண்டியெடுத்த வெள்ளி. நூறாண்டுக்கும் மேல் கணக்கு இப்படித்தான் போனது: வெள்ளி உள்ளே, துணி வெளியே. நாட்டைப் பிடிக்கும் கதை எதுவும் இதில் இல்லை.

கணக்கு தலைகீழானது வங்காளத்தில். 1757-ல் பிளாசி, 1764-ல் பக்சார் என்று இரண்டு சண்டைகள். 1765-ல் முகலாயப் பேரரசர் ஷா ஆலம், ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் கொடுத்தால் போதும் என்று வங்காளம், பீகார், ஒரிசாவில் நிலவரி வசூலிக்கும் திவானி உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். பாடப்புத்தகம் பிளாசிக்குக் கொடுக்கும் இடத்தை நான் இந்தக் காகிதத்துக்குக் கொடுப்பேன். அதற்குப் பிறகு வங்காளத்துக்கு வெள்ளி கொண்டுவர வேண்டிய தேவை போயிற்று. டாக்கா நெசவாளிக்குத் துணிவிலையாகக் கம்பெனி கொடுத்த காசு, பக்கத்து ஊர் விவசாயி கம்பெனிக்குக் கட்டிய வரி. அந்தத் துணியை லண்டனில் விற்று வந்த பணம் லண்டனிலேயே தங்கிவிட்டது. இதை வியாபாரம் என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

1770-ல் வங்காளத்தில் கொடும் பஞ்சம். பல லட்சம் பேர் செத்தார்கள். ஆனால் 1771-ல் வசூலான நிலவரி, பஞ்சத்துக்கு முந்திய 1768-ன் வசூலையும் தாண்டியிருந்தது. இதைத் தன் மேலிடத்துக்கு எழுதித் தெரிவித்தவர் கம்பெனியின் கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸ்.

ஆற்காட்டு நவாப்பின் கடன்

இதே வித்தை தமிழ்நாட்டில் வேறு மாதிரி நடந்தது. எனக்கு இது இன்னும் சுவாரசியமாகப் படுகிறது, ஏனென்றால் இதில் சண்டையைவிட வட்டி அதிகம்.

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, எதிரிகளைச் சமாளிக்கக் கம்பெனிப் படையை நம்பியிருந்தார். படை சும்மா வராது, செலவை நவாப் கொடுக்க வேண்டும். கையில் பணமில்லை. கடன் கொடுக்க முன்வந்தவர்கள் யார் தெரியுமா? அதே கம்பெனியில் வேலைபார்த்த மதராஸ் அதிகாரிகள், சொந்த முறையில். வட்டி 20 சதவீதத்துக்கும் மேல். ஈடாக அந்தந்தச் சீமையின் நிலவரி. கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கம்பெனிக்காரனிடமே கந்துவட்டிக்கு வாங்கி, வட்டியைக் குடியானவன் தலையில் கட்டினார் நவாப்.

கடன் கொடுத்தவர்களில் பெரிய கை பால் பென்ஃபீல்ட். தஞ்சாவூரில் விளைந்த நெல்லின் மீதே உரிமை கொண்டாடினார். அதை ஏற்க மறுத்த கவர்னர் பிகட்டை, மதராஸ் கவுன்சில் உறுப்பினர்களே 1776-ல் கைது செய்தார்கள். மறு ஆண்டு அவர் காவலிலேயே இறந்துபோனார். சொந்த கவர்னரையே உள்ளே தள்ளும் அளவுக்கு அந்தக் கடனில் காசு இருந்திருக்கிறது.

1801-ல் நவாப்பின் சீமை முழுவதையும் (அன்று அதற்குக் கர்நாடகம் என்று பெயர்) கம்பெனி எடுத்துக்கொண்டது. கட்டபொம்மன் 1799-லும் மருது சகோதரர்கள் 1801-லும் தூக்கிலிடப்பட்ட காலம் இதுதான். பாளையக்காரர்களின் கோபம் வரியிலிருந்து தொடங்கியது ஏன் என்பது, நவாப்பின் கடனையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

நவாப்பிடம் ஏற்கெனவே பழகிப்போன இந்த முறைக்கு 1798 முதல் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி ஒழுங்கான வடிவம் கொடுத்தார். நாம் படித்த துணைப்படைத் திட்டம் அதுதான். உங்கள் நாட்டில் எங்கள் படை இருக்கும், சம்பளம் நீங்கள் கொடுங்கள், கொடுக்க முடியாவிட்டால் நிலத்தைக் கொடுங்கள். படையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் யார்? தெலுங்கர், தமிழர், அவத் பகுதிக்காரர். 1857 கிளர்ச்சிக்கு முன் கம்பெனிப் படைகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான இந்தியச் சிப்பாய்கள். ஐரோப்பியர்கள் 40,000 சொச்சம்.

கிளர்ச்சியை அடக்கியதும் 1858-ல் கம்பெனியிடமிருந்து ஆட்சியை பிரிட்டிஷ் அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது. அடக்கிய செலவும் இந்தியாவின் கடன்கணக்கில் ஏறியது.

மற்ற கண்டங்களில்

பேரரசு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. வட அமெரிக்காவில் இங்கிலாந்துக்காரர்கள் குடியேறினார்கள், அங்கிருந்த பூர்வகுடிகளை விரட்டினார்கள். அந்தக் குடியேறிகளிடமே வரி கேட்டபோது 'எங்களைக் கேட்காமல் எங்களுக்கு வரியா?' என்று திமிறினார்கள். 13 காலனிகளும் 1776-ல் விடுதலை அறிவித்து 1783-ல் கழன்றுகொண்டன. லண்டன் இதிலிருந்து பாடம் கற்றது, ஆனால் வெள்ளையர்கள் குடியேறிய இடங்களுக்கு மட்டும். கனடா 1867-லும் ஆஸ்திரேலியா 1901-லும் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும் கூட்டாட்சிகளாக இணைந்தன. இந்தியாவுக்கு அந்தப் பாடம் செல்லாது.

கரீபியத் தீவுகளில் சர்க்கரை. பிரிட்டிஷ் கப்பல்கள் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை அட்லாண்டிக் வழியாக அடிமைகளாக ஏற்றிச் சென்றன. 1807-ல் அடிமை வியாபாரத்தையும் 1833-ல் அடிமை முறையையும் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒழித்தது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் நஷ்டஈடாகக் கொடுத்த 2 கோடி பவுண்டும் அடிமைகளுக்குப் போகவில்லை, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்குப் போனது. அதற்காக அரசு கடன் வாங்கியது. இந்தக் கடனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அடிமைகள் போன இடத்தில் ஆள் வேண்டுமே? ஒப்பந்தக் கூலிகள். 1834-லிருந்து மொரீஷியஸ், பிறகு கயானா, டிரினிடாட், நேட்டால், பிஜி. அந்தக் கப்பல்களில் ஏராளமான தமிழர்கள் ஏறினார்கள். இலங்கையின் காபி, தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் போனவர்களில் பெரும்பாலோர் கங்காணிகள் பிடித்துக்கொண்டு போன நம் ஆட்கள்.

சீனாவில் அபின். பிரிட்டனில் எல்லோரும் தேநீருக்கு அடிமையாகிவிட்டார்கள், தேயிலை சீனாவிலிருந்து வந்தது, சீனா கேட்டதோ மறுபடியும் வெள்ளி. வங்காளத்திலும் பீகாரிலும் அபின் தயாரிக்கும் முழு உரிமை கம்பெனியிடம் இருந்தது. கல்கத்தாவில் ஏலம் விட்டது. வாங்கிய வியாபாரிகள் சீனாவுக்குள் கடத்தினார்கள். 1839-ல் லின் செசு என்ற சீன அதிகாரி 20,000 பெட்டிக்கு மேல் பிடித்து அழித்தார். பிரிட்டன் போர்க்கப்பல் அனுப்பியது. 1842-ல் ஹாங்காங் கைமாறியது. போதைப்பொருளைப் பிடித்த அதிகாரியின் நாடு நஷ்டஈடும் கட்டியது.

லண்டனில் விருந்து, கல்கத்தாவில் பில்

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த ஏற்பாடு நன்றாக ஓடியது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1875-ல் எகிப்து மன்னருக்குப் பணமுடை வந்தபோது பிரதமர் டிஸ்ரேலி 40 லட்சம் பவுண்டுக்கு அவருடைய பங்குகளை வாங்கினார். 1882-ல் எகிப்தையே பிடித்தாகிவிட்டது. ஜிப்ரால்டர், மால்டா, ஏடன், கொழும்பு, சிங்கப்பூர் என்று கப்பல் நின்று நிலக்கரி போட்டுக்கொள்ள வரிசையாகத் துறைமுகங்கள். முதல் உலகப்போர் முடிந்த கையோடு உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய கால்வாசி பிரிட்டிஷ் கொடியின் கீழ் இருந்தது.

செலவு? 'ஹோம் சார்ஜஸ்' என்று ஒரு கணக்கு இருந்தது. லண்டனில் இந்திய விவகாரத்தைக் கவனித்த அலுவலகத்தின் செலவு, ஓய்வுபெற்று ஊர் திரும்பிய அதிகாரிகளின் பென்ஷன், கடன்களுக்கு வட்டி எல்லாம் இந்திய வரிப்பணத்திலிருந்து ஆண்டுதோறும் லண்டனுக்குப் போயின. 1867-ல் துருக்கி சுல்தான் லண்டன் வந்தபோது அந்த அலுவலகத்தில் நடந்த விருந்தின் பில்கூட இந்தியாவின் தலையில்தான் விழுந்தது. இந்திய ராணுவம் அபிசீனியாவுக்கும் (இன்றைய எத்தியோப்பியா) சீனாவுக்கும் எகிப்துக்கும் அனுப்பப்பட்டது. பின்னாளில் பிரதமரான சாலிஸ்பரி பிரபு, எத்தனை சிப்பாய் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆங்கிலேயப் பட்டாளத்துக் குடியிருப்பாக இந்தியாவைப் பார்ப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்றார். ஆனால் நடந்தது அதுதான்.

"ரயில் விட்டார்களே?" என்று இந்த இடத்தில் யாராவது கேட்பார்கள். விட்டார்கள். ஆரம்ப ரயில்வே கம்பெனிகளில் பணம் போட்ட லண்டன்காரர்களுக்கு 5 சதவீத வருமானம் உத்தரவாதம். ரயில் அவ்வளவு சம்பாதிக்காவிட்டால் மீதியை இந்தியக் கருவூலம் கொடுக்கும். ரயிலால் நமக்குப் பயன் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இலவசமாக வந்த மாதிரி பேசுவதுதான் வேடிக்கை.

இதையெல்லாம் அந்தக் காலத்திலேயே கூட்டிக் கழித்துப் பார்த்தவர் தாதாபாய் நவ்ரோஜி. 1892-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கே தேர்வாகிப் போய் உட்கார்ந்து, இந்தியச் செல்வம் வடிந்துபோகிறது என்று வாதாடினார்.

நெய் தர மறுத்தபோது

ஊரார் வீட்டு நெய் இரண்டு விதத்தில் தீரலாம். வீட்டுக்காரர் கொடுக்க மறுக்கலாம். அல்லது பரிமாறுகிறவர் கடனாளி ஆகலாம். பிரிட்டனுக்கு இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்தன. காந்தியால் விடுதலையா, கடனால் விடுதலையா என்று இணையத்தில் நடக்கும் சண்டையில் இரு தரப்புமே பாதிதான் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஒத்துழையாமை என்ற சொல்லையே பாருங்கள். ஆயிரம் அதிகாரிகளால் ஆள முடிந்ததற்குக் காரணம், தாசில்தாரும் கணக்குப்பிள்ளையும் போலீஸ்காரரும் சிப்பாயும் ஒத்துழைத்ததுதான். அது நின்றால் ஆளும் செலவு எகிறும். 1906-ல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது எதிராளிக் கம்பெனி கட்டணத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கியது, அரசு 1908-ல் அவரை ராஜத்துரோக வழக்கில் சிறையில் அடைத்தது. ஒரே ஒரு கப்பல் கம்பெனிக்கு இத்தனை பாடு. 1919-ல் ஜாலியன்வாலாபாக். அரசு கணக்கிலேயே 379 பேர் சாவு. அதற்குப் பிறகு, விசுவாசமாக இருந்து உரிமை வாங்கலாம் என்று நம்பிய பலருக்கும் நம்பிக்கை போயிற்று. வீட்டு வாசலிலேயே அயர்லாந்து சண்டை போட்டு 1922-ல் பிரிந்தது. 1930-ல் உப்பு: தண்டியில் காந்தி, வேதாரண்யத்தில் ராஜாஜி.

அப்புறம் இரண்டாம் உலகப்போர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படை, தன்னைவிட எண்ணிக்கையில் சிறிய ஜப்பானியப் படையிடம் சரணடைந்தது. வெள்ளைக்காரத் துரை கையைத் தூக்கியதை மலாயா தோட்டத் தொழிலாளர்கள் பார்த்தார்கள். அவர்களில் எத்தனையோ தமிழர்கள் சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள்.

கணக்குப் புத்தகமும் அதே ஆண்டுகளில் புரண்டது. இந்திய எல்லைக்கு வெளியே நடக்கும் போருக்கான செலவைப் பிரிட்டனே ஏற்கும் என்று 1939-ல் ஓர் ஒப்பந்தம் ஆகியிருந்தது. 25 லட்சம் பேர் கொண்ட இந்திய ராணுவம், அதற்குத் துணி, பூட்ஸ், தளவாடம் எல்லாம் பிரிட்டன் வாங்கியது கடனுக்கு. லண்டனில் இந்தியா பேரில் பவுண்டு வரவு வைத்துக்கொண்டே போனார்கள், இங்கே அதை வைத்து ரூபாய் நோட்டு அச்சடித்தார்கள். விலைவாசி ஏறியது. 1943 வங்காளப் பஞ்சத்தில் 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் வரை மக்கள் செத்ததற்கு இந்த விலையேற்றமும் ஒரு காரணம். போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குக் கொடுக்க வேண்டியது சுமார் 130 கோடி பவுண்டு. இத்தனை காலக் கடனாளியான இந்தியா இப்போது கடன் கொடுத்தவராக மாறியிருந்தது. சர்ச்சிலுக்கு இது பெரிய எரிச்சல், எதிர்க்கணக்கு எழுதலாமா என்றுகூட யோசித்தார்.

இந்தியாவிலோ ஒத்துழைப்பு கரைந்துகொண்டிருந்தது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தார்கள். சாலிஸ்பரி சொன்ன பட்டாளத்துக் குடியிருப்பே இனி நம்பகமில்லை.

அடுத்த வருடம் பிப்ரவரியில் லண்டன் எப்படி இருந்தது என்றால், கடும் பனி, நிலக்கரித் தட்டுப்பாடு, மின்வெட்டு, ரொட்டிக்கு ரேஷன். அந்தக் குளிரில் நான்கே நாட்களில் மூன்று முடிவுகள் வெளியாயின. பாலஸ்தீனப் பிரச்சினையை ஐ.நா.விடம் விடுகிறோம் என்று 18-ம் தேதி. இந்தியாவை 1948 ஜூனுக்குள் விட்டு வெளியேறுகிறோம் என்று 20-ம் தேதி. கிரீஸுக்கு இனி எங்களால் உதவ முடியாது என்று அமெரிக்காவுக்கு 21-ம் தேதி. வீட்டை ஒழித்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் கையில் கிடைத்ததை இறக்கிவைப்பது போல.

பிறகு 1948 ஜூன் 1947 ஆகஸ்டாகச் சுருங்கியது. அதற்குமுன் இந்தியாவுக்கு வந்தே இராத ராட்கிளிஃப் என்ற லண்டன் வக்கீல், இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே ஐந்து வாரத்தில் எல்லைக்கோடு போட்டார். ஒரு கோடிக்கும் அதிகமானோர் வீடிழந்தார்கள், லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். மலிவாக ஆண்டவர்கள் மலிவாகவே கிளம்பினார்கள், அந்தச் செலவும் நம்முடையது.

மீதி வீடுகள்

1947-ஓடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. பர்மாவும் இலங்கையும் 1948-ல் விடுதலை பெற்றன. அதே ஆண்டு மலாயாவிலோ கம்யூனிஸ்ட் கொரில்லாக்களோடு புதிய சண்டை தொடங்கியது. ஏன் மலாயாவை மட்டும் விடவில்லை? மலாயாவின் ரப்பரும் தகரமும் அமெரிக்க டாலர் சம்பாதித்துக் கொடுத்தன, பிரிட்டன் டாலருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. கென்யாவில் மாவ் மாவ் கிளர்ச்சியின்போது ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தூக்கிலிட்டார்கள், பெருங்கூட்டத்தை முகாம்களில் அடைத்து வதைத்தார்கள். அதற்காக 5,228 பேருக்கு இழப்பீடு கொடுக்க பிரிட்டிஷ் அரசு ஒப்புக்கொண்டது 2013-ல்தான்.

கடைசிச் சாயம் வெளுத்தது சூயஸில். 1956 ஜூலையில் எகிப்து அதிபர் நாசர் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். பிரிட்டனும் பிரான்ஸும் இஸ்ரேலும் ரகசியமாகப் பேசிவைத்துக்கொண்டு தாக்கின. அமெரிக்காவுக்குக் கோபம். அமெரிக்கா துப்பாக்கியைத் தொடவில்லை. பவுண்டின் மதிப்பு சரிந்துகொண்டிருந்த நேரத்தில், படையை நிறுத்தாமல் ஐ.எம்.எஃப். (சர்வதேச நிதியம்) உதவி கிடையாது என்றது. நவம்பர் 6 அன்று சண்டை நின்றது, சில வாரத்தில் படை திரும்பியது, ஜனவரியில் பிரதமர் ஈடன் பதவி விலகினார். ஆற்காட்டு நவாப்பின் நாற்காலியில் இப்போது லண்டன் உட்கார்ந்திருந்தது.

அதன்பின் வேகமாகக் கரைந்தது. 1957-ல் கானாவும் மலாயாவும், 1960-ல் நைஜீரியா, 1963-ல் கென்யா. 1967-ல் பவுண்டின் மதிப்பைக் குறைக்க நேர்ந்தது. இரண்டு மாதம் கழித்து, சூயஸுக்குக் கிழக்கே உள்ள ராணுவத் தளங்களைக் காலி செய்யப்போவதாகப் பிரதமர் வில்சன் அறிவித்தார். 1997-ல் ஹாங்காங்கும் சீனாவிடம் போயிற்று.

கணக்குப் புத்தகம் மட்டும் அப்போதும் மூடவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவிடம் வாங்கிய 375 கோடி டாலர் கடனின் கடைசித் தவணையை பிரிட்டன் கட்டியது 2006 டிசம்பர் 29 அன்று. அடிமை முதலாளிகளுக்கு நஷ்டஈடு கொடுக்க வாங்கிய கடன், ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாற்றி மாற்றி எழுதப்பட்டு, 2015-ல் அடைந்தது. அதுவரை அந்தக் கடனுக்கும் சேர்த்து வரி கட்டியவர்களில், கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டனில் குடியேறிய அடிமைகளின் கொள்ளுப்பேரன்களும் கொள்ளுப்பேத்திகளும் இருந்தார்கள்.